பூசணம் புரிந்த பணி

கண்ணுக்குப் புலப்படாதவற்றின் உழைப்பால் நாம் வாழ்கிறோம் என்பதை நாள்தோறும் மறந்துபோகிறோம். இரவில் உறை ஊற்றிய பால் விடியலில் தயிராகிறது. ஆட்டி வைத்த மாவு பொங்கி இட்டலிக்குப் பதமாகிறது. பனையிலிருந்து இறக்கிய கள் நாள்பட்டுக் காடியாகிறது. இறையாட்சிக்கு உவமையாக நற்செய்தியில் வரும் புளிப்புமாவும் இதே நுண்ணுயிர்களின் வேலையே. இவையெல்லாம் காரணம் அறியாமலே மனிதன் பெற்றுவந்த உதவிகள். 'இந்தப் பொருளில், இந்த ஓரிடத்தை மட்டும், இவ்வாறு மாற்றித் தா' என்று கேட்டு நுண்ணுயிரைப் பணியில் அமர்த்தியது மிக அண்மைக்கால வரலாறு. அந்த வரலாற்றில் நோயாளியின் கண்ணீரும், கன்னியரின் தொண்டும், மலைவாழ் ஏழைகளின் வியர்வையும் கலந்திருக்கின்றன.

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவில் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1984இல் அங்கே தோன்றிய கலசலிங்கம் பொறியியற் கல்லூரி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. உயிரித் தொழில்நுட்பம் பயிலும் மாணவருக்கு 'நுண்ணுயிர்வழி உருமாற்றம்' என்பது பாடநூலில் சில பக்கங்கள். தேர்வில் ஒரு வினா. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரிலோ, பளியர் தலைமுறை தலைமுறையாகக் காட்டுவள்ளிக் கிழங்கை அகழ்ந்து பசியாறி வந்திருக்கின்றனர். அந்தப் பாடத்துக்கும் இந்தக் கிழங்கின் குடும்பத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை அறிய நாம் சற்றுத் தொலைவு பயணம் செய்யவேண்டும்.

கன்னியர் மருத்துவமனையில் ஒரு விடியல்

1883ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்னும் ஊரைச் சூறாவளி சூறையாடியது. அடிபட்டோரைப் பேண அவ்வூரில் மருத்துவமனை இல்லை. பள்ளி நடத்திவந்த பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் செவிலியராயினர். அவர்தம் தலைவி அன்னை ஆல்பிரட், 'நாங்கள் மருத்துவமனை கட்டுகிறோம். நீங்கள் மருத்துவம் பாருங்கள்' என்னும் கருத்தை மருத்துவர் மேயோவிடம் முன்வைத்தார். 1889இல் தூய மரியா மருத்துவமனை திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையம் அதனோடு இணைந்தே வளர்ந்தது.

அங்கே பணிபுரிந்த பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், முடக்குவாத நோயாளர்களிடம் வியப்பான ஒன்றை 1929இல் கண்டார். முடக்குவாதத்தால் வருந்திய ஒருவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. காமாலை இருந்தவரை மூட்டுவலி மறைந்திருந்தது. கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே வலி தணிவதை அவர் பின்னர் கண்டார். உடலே தனக்குள் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இந்நோயை அடக்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அதே நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்னும் வேதியியலார், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அப்பொருள்களுள் ஒன்றே பின்னர் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. 1948 செப்டம்பர் மாதம் 21ஆம் நாள், தூய மரியா மருத்துவமனையில், படுக்கையில் புரளவும் இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அம்மருந்து முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்துக்குள் கடைத்தெருவுக்குச் சென்று வந்தார்.

1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தமக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை, தம் நோயாளர்களைப் பேணிய அருட்சகோதரி பாந்தலியோன் உரோமை சென்று திருத்தந்தையைக் காண்பதற்கென ஹெஞ்ச் அளித்தார். புண்ணைத் துடைத்த கைகளுக்கும் இப்பரிசில் பங்குண்டு என்பதை அறிந்த நெஞ்சம் அது.

தேரில் ஓர் ஆணி

மருந்து கிடைத்தது, ஆனால் யாருக்குக் கிடைத்தது? 1949இல் ஒரு கிராம் கார்ட்டிசோனின் விலை 200 டாலர். முதல் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் தேவைப்பட்டது. அதாவது ஒருநாள் மருந்து 20 டாலர். அவ்வாண்டின் இறுதியில் நம் நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ 95 ரூபாய். முடக்குவாதமோ ஒருநாள் நோயன்று, ஆண்டுக்கணக்கில் வருத்துவது.

இந்த விலைக்குக் காரணம் வணிகப் பேராசை மட்டுமன்று. கார்ட்டிசோன் ஸ்டீராய்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது. 17 கரி அணுக்கள் நான்கு வளையங்களாகப் பிணைந்த சட்டகமே இவ்வினத்தின் அடையாளம். கொழுப்பாகிய கொலஸ்டிராலும், கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களும், ஆண்மை பெண்மையைத் தீர்மானிக்கும் சுரப்புகளும் இதே சட்டகத்தின்மேல் கட்டப்பட்டவையே. சட்டகத்தின் எந்த எண்ணுள்ள இடத்தில் எந்த அணு ஒட்டியிருக்கிறது என்பதே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறாக்குகிறது. கார்ட்டிசோன் மருந்தாவதற்கு அதன் 11ஆம் இடத்தில் ஆக்சிஜன் அமைந்திருக்க வேண்டும்.

மெர்க் நிறுவனத்து வேதியியலார் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தத்தின் அமிலத்தைக் கொண்டு இதைச் செய்தார். ஆனால் பித்த அமிலத்தில் ஆக்சிஜன் இருப்பது 12ஆம் இடத்தில். ஓரிடம் தள்ளி அதை அமர்த்துவதையும் உள்ளிட்டு முப்பதுக்கு மேற்பட்ட படிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி வீணாகும். ஒரே நோயாளிக்கு ஓராண்டு மருந்து தர ஆயிரக்கணக்கான மாடுகளின் பித்தம் வேண்டும் என்ற நிலை.

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கோயில் தேரை நாம் அறிவோம். அத்தகைய பெருந்தேரின் உட்புறத்தில் ஏதோ ஓர் ஆணியை மட்டும் ஓரங்குலம் தள்ளி அடிக்கவேண்டும் என்றால் தச்சர் என்ன செய்வார்? சுற்றியுள்ள பலகைகளைக் கழற்றி, ஆணியை மாற்றி, மீண்டும் ஒவ்வொன்றாகப் பூட்டுவார். வேதியியலார் செய்ததும் அதுவே. தேரைக் கழற்றாமல் நேரே உள்ளே புகுந்து அந்த ஓர் ஆணியை மட்டும் அடிக்கவல்ல கை எதுவும் அன்று மனிதரிடம் இல்லை.

கிழங்கும் பூசணமும்

இதற்கிடையே ரஸ்ஸல் மார்க்கர் என்னும் பிடிவாதக்காரர், விலங்கை விடுத்துத் தாவரத்தை நாடினார். காட்டுவள்ளிக் கிழங்கினத்தில் சிலவற்றில் டையாஸ்ஜெனின் என்னும் பொருள் உண்டு. அதிலும் அதே நான்கு வளையச் சட்டகம் பொதிந்திருக்கிறது. அதனைப் பெண்மைச் சுரப்பாகிய புரொஜெஸ்டிரோனாக மாற்றும் வழியை மார்க்கர் கண்டுபிடித்தார். பெரிய நிறுவனங்கள் அவரை நம்பவில்லை. 1940களின் தொடக்கத்தில் அவர் மெக்சிகோவின் வேராகுரூஸ் காடுகளுக்குச் சென்று கிழங்கு தோண்டினார். செய்தித்தாளில் சுற்றிய இரு பொட்டலங்களில் இரண்டு கிலோவுக்கு நிகரான புரொஜெஸ்டிரோனோடு மெக்சிகோ நகரத்து நிறுவனம் ஒன்றின் வாயிலில் அவர் வந்து நின்றது அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்ற காட்சி. 1944இல் சின்டெக்ஸ் நிறுவனம் பிறந்தது. புரொஜெஸ்டிரோன் மலிவாயிற்று. ஆயினும் 11ஆம் இடம் வெறுமையாகவே இருந்தது.

அவ்வெறுமையை நிரப்பியது ஒரு பூசணம். மிச்சிகன் மாநிலத்துக் கலாமசூ நகரில் அப்ஜான் நிறுவனத்தில் டுரே பீட்டர்சன், ஹெர்பர்ட் மர்ரே என்னும் இருவர் வேறொரு வழியில் சிந்தித்தனர். விலங்கின் சுரப்பி இந்த வேலையை நொதிகளைக் கொண்டு செய்கிறது. நுண்ணுயிர்களிடமும் நொதிகள் எண்ணற்றவை உண்டு. அவற்றுள் ஒன்றேனும் இதனைச் செய்யாதா? இவ்வெண்ணத்துக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. நோபல் பரிசு பெற்ற அதே ரைக்ஸ்டைன் 1933இல் வைட்டமின் சி தயாரித்தபோது, இடையில் ஒரு படியைக் காடிப் பாக்டீரியத்திடம் ஒப்படைத்திருந்தார். 1937இல் இத்தாலியர் மமோலியும் வெர்செலோனேயும் ஈஸ்ட்டைக் கொண்டு ஸ்டீராய்டுகளில் மாற்றம் விளைவித்தனர். என்றாலும் 11ஆம் இடத்தை எவரும் தொட்டிருக்கவில்லை.

காற்றில் மிதந்து வந்து தட்டில் படிந்த பூசணம் ஒன்று புரொஜெஸ்டிரோனை உருமாற்றுவதைப் பீட்டர்சனும் மர்ரேயும் கண்டனர். அதன் பெயர் ரைசோபஸ் அரைசஸ். பழைய ரொட்டியிலும் அழுகும் பழத்திலும் கருமை படரச் செய்யும் பூசணத்தின் உடன்பிறப்பு. அது ஒரே படியில் 11ஆம் இடத்தில் ஆக்சிஜனைப் பொருத்தியது. அதன் இனத்ததாகிய ரைசோபஸ் நைக்ரிகன்ஸ், இட்டதில் நூற்றுக்கு 85க்கும் மேலாகப் பலன் தந்தது. 1952இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

இது எவ்வாறு இயல்கிறது? பூசணத்தின் உயிரணுவிலுள்ள நொதிக்கு ஒரு பள்ளம் உண்டு. பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல் ஸ்டீராய்டு அப்பள்ளத்தில் ஒரே ஒரு வகையில்தான் பொருந்தும். அவ்வாறு பொருந்தும்போது 11ஆம் இடம் மட்டுமே நொதியின் செயல்முனைக்கு எதிரே வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து நொதி அங்கே வைக்கிறது. கடும் அமிலம் இல்லை, பெருவெப்பம் இல்லை. சர்க்கரைக் கரைசலும், காற்றோட்டமும், நம் அறையின் வெதுவெதுப்பும் போதும். ஸ்டீராய்டால் பூசணத்துக்கு உணவுப் பயன் ஏதுமில்லை. தனக்கு அந்நியமான பொருளை நீரில் எளிதாகக் கரையும்படி மாற்றி அப்புறப்படுத்தும் வேலையாகவே அது இதனைச் செய்கிறது என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

1955இல் ஷெரிங் நிறுவனத்தார், கொரினிபாக்டீரியம் சிம்ப்ளெக்ஸ் என்னும் பாக்டீரியத்தைக் கொண்டு கார்ட்டிசோனில் மேலும் ஒரு சிறு மாற்றம் செய்து பிரெட்னிசோனைப் பெற்றனர். அது பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. உற்பத்தி பெருகத் தொடங்கியபோதே இறங்கலான விலை, கிழங்கும் பூசணமும் கைகோத்தபின் கிராமுக்குச் சில டாலராகி, 1980 அளவில் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. செல்வருக்கு மட்டும் எட்டிய மருந்து அரசு மருத்துவமனையின் அலமாரிக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இக்கலை வேரூன்றியது. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பட்டாச்சார்யாவும் அவர் குழுவினரும், தேவதாரு இன மரங்களின் கர்ப்பூரத் தைலத்தில் மிகுந்துள்ள ஆல்பா பைனீன் என்னும் பொருளை ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்னும் கரும்பூசணத்திடம் கொடுத்து உருமாற்றினர். 1960இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மத்யஸ்தா, மியூக்கார் பைரிஃபார்மிஸ் என்னும் பூசணம் புரொஜெஸ்டிரோனின் 14ஆம் இடத்தைத் தொடுவதை 1980களிலும் 1990களிலும் ஆராய்ந்தார். ஒரு பூசணம் 11ஐத் தொடுகிறது. மற்றொன்று 14ஐத் தொடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வரம்! 1984இல் சண்டிகரில் நுண்ணுயிர்த் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. நாட்டின் நுண்ணுயிர்க் களஞ்சியம் ஒன்று அங்கே பேணப்படுகிறது.

கிழங்கின் கதை அத்துணை மகிழ்ச்சியானதன்று. இமயமலைச் சாரலில் விளையும் டையாஸ்கோரியா டெல்டாய்டியா என்னும் வள்ளியினத்தில் டையாஸ்ஜெனின் மிகுதி. மருந்துத் தேவைக்காக அது வரம்பின்றித் தோண்டப்பட்டு அருகிப்போயிற்று. அதன் பன்னாட்டு வணிகம் இன்று உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஒரு கிழங்கு முற்றப் பல ஆண்டுகள் ஆகும். தோண்டவோ ஒரு நாழிகை போதும்.

மெக்சிகோவிலும் இதே துயரம் வேறு வடிவில் நிகழ்ந்தது. பல்லாயிரம் ஏழை உழவர்கள் காட்டுக்குள் சென்று கிழங்கு தோண்டிச் சொற்பக் கூலி பெற்றனர். அவர்கள் முதுகில் சுமந்தது உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளின் மூலப்பொருள் என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு நியாயமான விலை கிடைக்கவேண்டுமென 1975இல் அந்நாட்டு அரசு ஒரு நிறுவனம் அமைத்தது. ஆனால் அதற்குள் நுண்ணுயிர் இன்னொரு வித்தையைக் கற்றுத் தந்துவிட்டது. சோயா எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் ஸ்டீரால்களின் பக்கச் சங்கிலியைத் தின்று, சட்டகத்தை மட்டும் விட்டுவைக்கும் மைக்கோபாக்டீரிய வகைகள் 1970களில் தொழிலுக்கு வந்தன. கிழங்குக்குத் தேவை குறைந்தது. நீதி வந்து சேருமுன் சந்தை கலைந்துபோயிற்று.

இந்த மைக்கோபாக்டீரியப் பேரினத்திலேயே தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் அடங்கும். தொழுநோயாளருக்கு இடையே தோன்றும் கடும் அழற்சியில் நரம்புகள் அழியாமல் காக்க இன்று தரப்படுவது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. ஓர் இனத்தின் ஓர் உறுப்பினன் செய்யும் தீங்கை, அதே இனத்தின் மற்றோர் உறுப்பினன் உதவியால் செய்யத்தக்க மருந்து ஆற்றுகிறது.

இருமுனைக் கத்தி

இவ்வரலாற்றைக் கத்தோலிக்கர் எண்ணிப் பார்க்கும்போது மற்றொரு கிளையையும் மறைக்க இயலாது. மெக்சிகோக் கிழங்கிலிருந்தே 1951இல் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் நோரெத்திஸ்டிரோன் பிறந்தது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் 'மனித உயிர்' பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டதன் பின்னணியில் இம்மாத்திரையும் இருந்தது. அச்சுற்றுமடலே, நோய் தீர்க்க உண்மையில் தேவையான மருத்துவத்தை, அதனால் கருத்தரிப்பு தடைப்படும் என்று முன்னறிந்தாலும், அத்தடையை நோக்கமாகக் கொள்ளாதவரை, திருச்சபை தவறெனக் கருதவில்லை என்றும் சொல்கிறது. பொருள் ஒன்றாயினும், அது எந்த நோக்கத்துக்குப் பயன்படுகிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நோக்கம் நன்றாயினும் அளவு தவறினால் என்னாகும் என்பதையும் நம் தலைமுறை கண்டது. 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வின் முடிவு வந்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளரின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றுவந்தோரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. உலகமே நாடிய நாளில் மிக மலிவாகக் கிடைத்த உயிர்காக்கும் மருந்து அது. மூச்சுத் திணறல் இல்லாதவருக்கு அதனால் நன்மையில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. முதற்பகுதியைக் கேட்ட பலர் இரண்டாம் பகுதியைக் கேட்கவில்லை.

2021இல் இரண்டாம் அலையின்போது தேவையின்றியும் அளவின்றியும் ஸ்டீராய்டுகள் தரப்பட்டன. சர்க்கரை நோயுள்ளோருக்கு இரத்தச் சர்க்கரை ஏறியது, நோயெதிர்ப்பு தளர்ந்தது. மூக்கையும் கண்ணையும் மூளையையும் அரிக்கும் கரும்பூஞ்சை நோய் நாடெங்கும் பரவலாயிற்று. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு அதனை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் இந்தியாவில் 45,000க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாகியிருந்தனர்; நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்ணையும் தாடையையும் இழந்து உயிர் தப்பியோர் பலர்.

நம் நாட்டில் அந்நோயை மிகுதியாக விளைவிக்கும் பூசணத்தின் பெயர் ரைசோபஸ் அரைசஸ். 1952இல் ஸ்டீராய்டை ஏழைக்கும் எட்டச் செய்த அதே இனம்! எந்தப் பூசணம் மருந்தை மலிவாக்கிற்றோ, அம்மருந்தை அளவு மீறி உண்ட உடலில் அதே பூசணம் குடிபுகுந்தது. இதைப் பூசணத்தின் பழிவாங்கல் என்று சொல்வது பேதைமை. அது அன்றும் இன்றும் தன் இயல்பையே செய்கிறது. கிடைத்த இடத்தில் படிகிறது, கிடைத்ததை மாற்றுகிறது. அளவறிந்து பயன்படுத்தும் பொறுப்பு அதற்கு இல்லை. அப்பொறுப்பு நமக்கே உண்டு.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்போரும், முகம் வெளுக்க ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவோரும் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்துவதும் தீங்கு. உடலின் சொந்தச் சுரப்பி உறங்கிப்போயிருக்கும் என்பதால் மருத்துவர் படிப்படியாகவே குறைப்பார். இதனை அறியாமல் வருந்துவோர், அம்மருந்து எட்டாமல் வருந்தியோரைவிட எவ்வகையில் பேறு பெற்றவர்?

கிருஷ்ணன்கோவில் மாணவர் ஒருவர் குடுவையில் பூசணம் வளர்க்கும்போது, அவர் கையில் இருப்பது கருவி மட்டுமன்று. பரிசுப் பணத்தைக் கன்னியோடு பகிர்ந்த மருத்துவரின் நன்றியறிதலும், கூலி குறைத்துத் தரப்பட்ட மெக்சிகோ உழவனின் முறையீடும், 2021இல் கண்ணிழந்தவரின் எச்சரிக்கையும் அக்குடுவையைச் சூழ்ந்து நிற்கின்றன. நுண்ணியவற்றிடம் பணிகொள்ள நாம் கற்றுவிட்டோம். அப்பணியின் பயனை எவர் பெறுகிறார், எவர் இழக்கிறார் என்று கேட்கும் வேலையை எந்த நுண்ணுயிரிடமும் ஒப்படைக்க இயலாது. அது மனிதர் செய்ய வேண்டிய பணி.